அரிப்பு மாளிகையும் முத்துக்குளித்த மக்களும்

சிலாவத்துறையிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்றால், அரிப்புக் கிராமத்தின் அருகே, கடலைப் பார்த்த மேட்டின் விளிம்பில் செங்கற் சுவர்களும் தூண்களும் சிதைந்து நிற்பதைக் காணலாம். அயலில் வாழும் மக்கள் இதனை அல்லிராணி கோட்டை என்பர். ஆயின் இது அல்லி கட்டியதும் அன்று, கோட்டையும் அன்று. போர்த்துக்கேயர் எழுப்பி, பின்னர் ஒல்லாந்தர் கைக்கொண்ட அரிப்புக் கோட்டை இதற்கு அண்மையில் வேறாக உள்ளது. நாம் இங்கே பேசுவது, இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையிலான காலத்திற் கட்டுவித்த மாளிகையைப் பற்றியே. முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யத் தேசாதிபதி வந்து தங்கும் இல்லம் அது.

பண்டைக் கிரேக்கரின் டோரிக் தூண் முறையைத் தழுவியமையால் ஆங்கிலேயர் இதற்கு டோரிக் என்றே பெயரிட்டனர். அலங்காரம் மிகாத, கம்பீரமான தூண்கள்; இரு மாடிகள்; செங்கற் சுவரின்மேல் பளிங்குபோல் மினுங்கும் வெண்சுண்ணச் சாந்து. 1807இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், இத்தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என வியந்தார்.

அந்த வெண்மை எங்கிருந்து வந்தது? முத்துச்சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பிலிருந்து வந்தது என்பர். அப்படியாயின் ஒவ்வொரு சிப்பிக்கும் பின்னால் ஒரு மனிதனின் அடக்கிய மூச்சு இருக்கிறது. காலிற் கல்லைப் பிணைத்து, இடுப்பிற் கூடையுடன் முத்துப்பாரில் இறங்கி, ஒரு நிமிட அளவே மூச்சடக்கிச் சிப்பி அள்ளினர் குளியாளிகள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டியின்மேல் அவர்கள் கொண்ட நம்பிக்கை அறியாமையன்று. வேறு பாதுகாப்பு அற்றவர்களின் ஆறுதல் அது.

பயன் யாருக்குச் சென்றது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அள்ளிய சிப்பி மூன்று கூறாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறே மூழ்கியவருக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறக்குறைய 5,000 குளியாளிகள் கடலில் இறங்கினர். மறு ஆண்டு முத்துப்பார்கள் ஒரு கொம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. அக்குத்தகை முடியுமுன்னரே பார்கள் வறண்டு, கொம்பனியும் ஓய்ந்தது. கடலையும் உழைப்பையும் ஒருங்கே உறிஞ்சிய பேராசையின் பாடம் இது.

பிரபுக்களின் மாளிகைகள் எங்கும் இவ்வாறே எழுந்தன. இத்தாலியின் வடபால் உள்ள திரெந்தோ நகரின் கோட்டையிலே, கழுகுக் கோபுரம் என்னும் பகுதியில், 1400ஆம் ஆண்டளவில் மாதங்களின் ஓவியங்கள் தீட்டப்பட்டன. அங்கே பிரபுக்கள் கேளிக்கையில் ஈடுபட, உழவர் உழுகின்றனர், அறுக்கின்றனர், திராட்சை பிழிகின்றனர். ஆட்சி செய்த ஆயரின் கண்ணுக்கு விருந்தாகவே அவை தீட்டப்பட்டன. எனினும் அறுநூறு ஆண்டுகளின் பின்னரும் அந்த உழவர்களின் முகங்களை உலகம் காண்கிறது. அரிப்பு மாளிகையிலோ குளியாளியின் முகம் எச்சுவரிலும் இல்லை. சுவரின் வெண்பூச்சாகவே அவன் உழைப்பு எஞ்சியது.

இன்று கடல் மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்களும் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. அந்நியன் கட்டியதுதானே, அழிந்தால் என்ன எனச் சிலர் கேட்கலாம். அந்நியன் கட்டுவித்தான், கட்டியவர் இம்மண்ணின் உழைப்பாளிகள். கரைக்கு அணையிட்டுக் காக்க வேண்டியது தேசாதிபதியின் பெருமையை அன்று, அவர்களின் சான்றை.

இம்மாளிகையை அல்லியின் பெயரால் அழைத்த மக்கள் தேசாதிபதியின் பெயரை நினைவில் வைக்கவில்லை. வாய்மொழி வரலாறு தந்த தீர்ப்பு அது. எழுதும் வரலாறு ஒரு படி மேற்சென்று, கல் கட்டிய கால்களுடன் கடலில் இறங்கியவர்களை இம்மாளிகையின் கதைக்குள் கொண்டுவர வேண்டும். மாணவரை அம்மேட்டுக்கு அழைத்துச் செல்லும்போது, கட்டுவித்தவன் யார் என்பதோடு நிறுத்தாமல், சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றும் நாம் கேட்போமாக.