பழவேற்காட்டுப் பாடும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும்



"சார், பெரும மதிப்பு, சிறும மதிப்பு எல்லாம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?" வருடம் தவறாமல் வகுப்பில் ஒருவராவது கேட்ட கேள்வி இது. அன்று அவசரத்தில் "பரீட்சைக்கு வரும்" என்று சொல்லிவிட்டேன். சரியான பதில் பழவேற்காடு ஏரியில் இருக்கிறது.

மீன்வளக் கணக்கில் 1954 முக்கியமான ஆண்டு. ஏரி தாங்கக்கூடிய அளவில் பாதி மீன் இருக்கும்போதுதான் அது மிக வேகமாகப் பெருகும். அந்தப் பெருக்கத்தை மட்டும் பிடித்தால் ஆண்டுதோறும் அதிகபட்சம் கிடைக்கும் என்று ஷேஃபர் கணக்குப் போட்டார். வகைக்கெழுவைப் பூஜ்ஜியம் ஆக்கினால் வரும் அதே விடை! அதே ஆண்டில் கோர்டன் என்ற பொருளாதார அறிஞர், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று விட்டால் லாபம் கரைந்து போகும்வரை படகுகள் பெருகும் என்று காட்டினார். கணக்குத் தெரிந்தும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் அழிந்து, 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

பழவேற்காட்டு மீனவர்களிடம் இந்தச் சூத்திரம் இல்லை. 'பாடு' இருந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் கழி ஊன்றி இறால் வலை கட்டுவதற்கு, யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்து, முறைவைத்து மாறிக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். மூன்று இடங்கள், ஒரு நாள் வரும்படி 600, 400, 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குழுக்கள் இடம் மாறாமல் இருந்தால், மூன்று நாளில் ஒருவருக்கு 1800, இன்னொருவருக்கு 600. சுழற்சியில் போனால் ஆளுக்கு 1200. மொத்தம் 3600 இரண்டிலும் ஒன்றுதான். பங்கு சமமாகிறது, இடத்துக்கான சண்டை குறைகிறது, வலைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் நிற்கிறது. பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990-இல் நூல் எழுதிய எலினோர் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பாட்டில் பங்கு, பரம்பரையாக உரிமை கொண்ட ஊர்க்காரர்களுக்கு மட்டுமே. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டு இல்லை. பின்னால் தொழிலுக்கு வந்த மற்றவர்கள் பங்கு கேட்டபோது தகராறுகளும் வந்தன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்தே குறையும். அப்போது பகிர்வு இன்னும் கடினம்.

கணக்கில் விடை காண்பது எளிது, பிள்ளைகளே. எதைப் பெரும மதிப்பாக்குவது, யாரை எண்ணிக்கையில் சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் கடினம். அதைச் சூத்திரம் சொல்லாது; நாம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊர் ஏரியிலோ கண்மாயிலோ இப்படி முறைவைக்கும் வழக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள்.