பங்கசு நொதிய உற்பத்தி: கண்டிச் சூழல்

தவிடு, உமி, புண்ணாக்கு, வைக்கோல் போன்ற மலிவான தாவரப் பொருள்களில் பங்கசுகளை வளர்த்து, அவை சுரக்கும் நொதியங்களைப் பிரித்தெடுப்பதே பங்கசு நொதிய உற்பத்தி. பங்கசுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு வெளியே விடும் நொதியங்கள்தான் மாப்பொருளைச் சீனியாக்கவும், பழச்சாற்றைத் தெளியவைக்கவும், கோழித்தீனியை எளிதில் செரிக்கச் செய்யவும் பயன்படுகின்றன.

கண்டிப் பகுதியில் பங்கசு ஆய்வு பகையில் தொடங்கியது. கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயின் பங்கசுக்கு 1869இல் பெயரிடப்பட்டது. அதை ஆராய 1880இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் பேராதனையில் தங்கிப் பணிசெய்தார். 1905இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பங்கசியலாளராகச் சேர்ந்த டொம் பெட்ச், அடுத்த ஆண்டே கறையான் புற்றுப் பங்கசுகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். கறையான் மென்று கழித்த தாவரத் துகளைப் புற்றுக்குள் தேன்கூடு போல அடுக்கி வைக்கிறது. அதில் வளரும் பங்கசு, கறையானால் செரிக்க முடியாத நார்ப்பொருளை உடைத்துக் கொடுக்கிறது. மழை விட்டதும் புற்றிலிருந்து எழும் காளானைப் பறித்துக் கறிவைப்போருக்குத் தெரிந்த அந்தப் பங்கசே இப்பகுதியின் மிகப் பழைய நொதிய உற்பத்தியாளர் எனலாம்.

மனிதர் பங்கசின் நொதியத்தைப் பயன்படுத்தக் கற்றது சோயாச் சுவைச்சாறு, அரிசி மது ஆகியவற்றின் தயாரிப்பு வழியாக. ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே, கோதுமைத் தவிட்டில் அஸ்பர்ஜிலஸ் ஒரைசே பங்கசை வளர்த்து மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்தை எடுக்கும் முறைக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று திண்மநிலை நொதித்தல் என அழைக்கப்படும் முறையின் அடிப்படை அதுவே. தாவரப் பொருளை நீராவியில் கிருமிநீக்கி, நீர் தேங்காத அளவுக்கு ஈரமாக்கி, பங்கசின் வித்திகளைக் கலந்து, ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் சில நாள் வளரவிட வேண்டும். பின்னர் நீரில் ஊறவைத்து வடித்தால் நொதியம் கரைசலில் வரும்.

இலங்கையில் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வசந்தி அரசரத்தினமும் உடன் பணியாற்றியோரும் 1990களில் அரிசித் தவிட்டில் அஸ்பர்ஜிலஸ் நைகரை வளர்த்து, மாப்பொருளைக் குளுக்கோசாக்கும் குளுக்கோஅமைலேசைப் பெற்றனர். தவிடு மட்டும் இருந்தால் ஈரத்தில் களியாகிக் காற்றை அடைத்துவிடும். அவர்கள் உமியைத் தாங்குபொருளாகச் சேர்த்தனர். உமி பெரிதாக உணவு தராது, ஆனால் இடைவெளி தரும். அரிசி ஆலைக்குப் பின்னால் குவியலாகக் கிடந்து எரிக்கப்படும் பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான வேலை கிடைத்தது அருமை.

கண்டிக்குப் பொருத்தமான மூலப்பொருள் கழிவுத் தேயிலை. தேயிலைத் தொழிற்சாலையில் ‘நொதிக்க வைத்தல்’ எனப்படும் கட்டத்துக்கும் பங்கசுக்கும் தொடர்பில்லை; அங்கே வேலை செய்வது இலையின் சொந்த நொதியம். சலித்து ஒதுக்கப்படும் நாரிலும் தூசியிலும் தனின் வகைப் பொருள்கள் மிகுதி. பல பங்கசுகளின் வளர்ச்சியை இவை தடுக்கும். அஸ்பர்ஜிலஸ் நைகரோ, தனினைக் கண்டால் அதை உடைக்கும் தனேஸைச் சுரக்கத் தொடங்குகிறது. தனினைப் பங்கசு சிதைப்பதை பிரெஞ்சு அறிஞர் வான் தீகெம் கண்டது 1867இல். ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் வணிகத் தேயிலையை நட்டதும் அதே ஆண்டில்தான். தேநீர் ஆறும்போது கலங்குவதைத் தனேஸ் குறைக்கும். ஆகவே குளிர்நீரில் கரையும் தேயிலைத் தூள் செய்ய அது உதவுகிறது. கழிவு ஈன்ற நொதியம் தேயிலைக்கே திரும்பி வரும் வழி இது. தென்னிந்தியாவில் திருவனந்தபுர ஆய்வாளர்கள் புளியங்கொட்டைத் தூளிலும் தனேஸ் எடுத்துள்ளனர்.

பங்கசின் தேவைக்கேற்பப் பொருளைத் தேர்வதே கைத்திறன். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் பங்கசு நாரை உடைக்கும் செலுலேசைச் சுரக்காது. வைக்கோல் போன்ற கடினமான நாரைக் கொடுத்தால்தான் சுரக்கும். மரத்தூளின் லிக்னினை உடைக்க வெண்ணழுகல் பங்கசுகள் வேண்டும்.

கண்டியின் ஈரக்காற்று பங்கசுக்கு உகந்தது, ஆனால் வேண்டாத பங்கசுக்கும் அதே அளவு உகந்தது. ஈரம்பட்ட தேங்காய்ப் புண்ணாக்கில் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் பிடித்தால் அஃப்ளாடொக்சின் என்னும் ஈரல் நஞ்சு உண்டாகும். ஆகவே உணவுக்கும் தீனிக்கும் போகும் நொதியத்தை நஞ்சு சுரக்காதெனச் சோதித்த இனத்திலிருந்தே எடுக்க வேண்டும். தட்டில் பரப்பும் தவிட்டின் கனமும் கவனத்துக்குரியது. வளரும் பங்கசு வெப்பம் விடும், தவிடு அதை எளிதில் கடத்தாது. சில சென்ரிமீற்றர் கனத்துக்கு மேல் பரப்பினால் நடுப்பகுதி சூடேறிப் பங்கசு இறந்துவிடும். ஆய்வுகூடக் குடுவையில் எளிதாக வந்தது தொழிற்சாலையில் வராமற்போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடே காரணம்.