நேர் சாலையில் ஏன் விபத்து?

"அபாயகரமான வளைவு, மெதுவாகச் செல்லவும்" என்ற போர்டை எல்லோரும் பார்த்திருப்போம். "சாலை நேராக இருக்கிறது, ஜாக்கிரதை" என்று எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஆனால் பெரிய விபத்துகள் பல வளைவே இல்லாத சாலையில்தான் நடக்கின்றன. டிரைவர் தூங்கிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவரைத் தூங்க வைத்தது எது? இதற்கு விடை தேடினால் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறது.

1935 மே மாதம் ஃபிராங்க்ஃபர்ட்-டார்ம்ஸ்டாட் ஆட்டோபான் திறக்கப்பட்டது. கார் வேகச் சாதனைகளை அங்கேயே நடத்தினார்கள் என்றால் எவ்வளவு நேரான சாலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலச் சாலைப் பொறியாளர்களில் பலர் ரயில் பாதை போட்டுப் பழகியவர்கள். ரயிலுக்கு நேர்கோடு நல்லது. தண்டவாளமே வண்டியைத் திருப்பிவிடும். கார் அப்படி இல்லையே! அதை ஓட்டுபவர் விழித்திருக்க வேண்டும்.

வேலை எதுவும் தராத சாலையில் மூளை மெல்ல ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. கண் திறந்தபடியே தூங்குவது பற்றி வால்டர் மைல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1929லேயே எழுதியிருக்கிறார். 100 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் வண்டி 83 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக்கே போடாமல் மோதுவதால்தான் அடி இவ்வளவு பலமாக இருக்கிறது. இன்னொன்று, நேர் எதிரே தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது கஷ்டம். ஓவர்டேக் செய்யும்போது கணக்குத் தப்பிவிடுகிறது.

நிலத்தின் போக்கிலேயே சாலை போக வேண்டும் என்று ஆல்வின் சீஃபர்ட் என்ற நிலக்காட்சிக் கலைஞர் ஆட்டோபான் பொறியாளர்களோடு வாதாடினார். அவர் பேசியது பெரும்பாலும் அழகுக்காக. ஆனால் மெல்லத் திரும்பும் நீண்ட வளைவுகள் ஓட்டுநரை விழிப்போடு வைக்கும் என்பதும் பிறகு புரிந்தது. வேகத்தைப் போல 20 மடங்கு மீட்டருக்கு மேல் நேர்கோடு கூடாது என்று பின்னாளில் அங்கே விதியே வந்தது. அதாவது 100 கி.மீ. வேகச் சாலையில் 2 கி.மீ.தான். நம் இந்தியச் சாலைக் காங்கிரஸும் 1980 விதிமுறையில் 3 கி.மீ.க்கு மேல் நேர்கோட்டைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஏற்கனவே போட்டுவிட்ட சாலைகளை இனி வளைக்க முடியாது. அதனால் இரவில் ரோடு காலியாக, நேராக இருக்கிறதே என்று நிம்மதியானால், அப்போதே வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.