தவிர்ப்பு என்னும் அளவுகோல்: மேற்குக் கென்யப் பள்ளிகளின் சான்று

பள்ளிப் பருவத்தினரின் பாலுறவுத் தவிர்ப்பையும் எச்.ஐ.வி. விழிப்புணர்வையும் சேர்த்து ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. வகுப்பறையில் வினாத்தாள் கொடுக்கப்படுகிறது. நோய் பரவும் வழிகளைப் பற்றிய விடைகளுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. இதுவரை பாலுறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்கு வந்த பதிலோடு அந்த மதிப்பெண் பொருத்திப் பார்க்கப்படுகிறது. பெற்றோரின் கண்காணிப்பு, சமய ஈடுபாடு, குடும்ப வருவாய் ஆகியவை துணைக் காரணிகளாக வந்து சேர்கின்றன. விழிப்புணர்வு கூடினால் தவிர்ப்பும் கூடும் என்பது முடிபு. ஆகவே தவிர்ப்பைக் கற்பிக்க வேண்டும் என்பது பரிந்துரை. இம்மரபின் புள்ளியியல் நுட்பத்தில் எனக்குக் குறை இல்லை. தவிர்ப்பை உண்டு, இல்லை என்று அளந்துவிடக்கூடிய ஒற்றை முடிவாகக் கொள்வதில்தான் பிழை இருக்கிறது. யாரோடு, எத்தகைய உறவில், படிப்பு தொடரும் நிலையிலா நின்றுபோன நிலையிலா என்ற கேள்விகளிலிருந்து பிரித்தால் அந்த ‘உண்டு, இல்லை’ நோய்த்தொற்றைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

இதற்கு நம்மிடம் உள்ள வலுவான சான்று மேற்குக் கென்யாவிலிருந்து வருகிறது. எஸ்தர் டூஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவரும் 2015இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியிட்ட ஆய்வு, 328 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தது. ஒரு பிரிவில் 2003இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கிடைத்தது. கட்டணம் அந்த ஆண்டே நீக்கப்பட்டிருந்தாலும், ஏழைக் குடும்பங்களுக்குச் சீருடை கையைக் கடிக்கும் செலவாகவே நீடித்தது. இரண்டாம் பிரிவில் பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள் அரசின் எச்.ஐ.வி. பாடத்திட்டத்தில் பயிற்சி பெற்றனர். திருமணம் வரை விலகியிருங்கள் என்பதே அப்பாடத்தின் மையம். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன, நான்காம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஏறத்தாழ 19,000 மாணவர்கள் ஏழு ஆண்டுகள் தொடரப்பட்டார்கள். இறுதியில் பால்வினைத் தொற்றின் அடையாளமாக எச்.எஸ்.வி.-2 கிருமிக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. வெட்கமோ அச்சமோ அந்த முடிவை மாற்றிவிட முடியாது.

முடிவுகள் வியப்பானவை. சீருடை மட்டும் கிடைத்த பள்ளிகளில் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் கருவுற்றவர்களின் விகிதம் 16 விழுக்காட்டிலிருந்து 13க்கு இறங்கியது. ஆனால் எச்.எஸ்.வி.-2 தொற்று குறையவில்லை. பாடத்திட்டப் பயிற்சி மட்டும் நடந்த பள்ளிகளில் கருவுறுதலும் குறையவில்லை, தொற்றும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்த பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கருவுறுதலோ சீருடை மட்டும் கிடைத்த பள்ளிகளின் அளவுக்குக் குறையவில்லை. இந்த மூன்றாவது முடிவைத்தான் தவிர்ப்புக் கல்வியின் ஆதரவாளர்கள் பற்றிக்கொள்கிறார்கள். பிள்ளை பள்ளியில் தங்கினால் போதனை பலிக்கிறது, தொற்று குறைந்ததே சாட்சி என்பது அவர்கள் வாசிப்பு. அந்த வாசிப்பு நிற்காது. பெண்பிள்ளைகள் உண்மையிலேயே பாலுறவைத் தவிர்த்திருந்தால் கருவுறுதலும் தொற்றும் ஒருங்கே இறங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றே, பாதுகாப்பற்ற உறவு. இங்கே ஒரு பிரிவில் ஒன்று மட்டும் இறங்குகிறது, மற்றொரு பிரிவில் மற்றது கூடுதலாக இறங்குகிறது. ஒற்றைக் காரணியால் இந்த விலகலை விளக்க முடியாது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டு, நிலையான உறவா தற்செயல் உறவா என்ற தெரிவையும் இரண்டாம் காரணியாகச் சேர்க்கிறார்கள். நான் இன்னும் ஓரடி முன்னே போவேன். திருமணம் வரை பொறு என்ற பாடத்தைச் சில பெண்பிள்ளைகள் திருமணத்தை நோக்கிப் போ என்று எடுத்துக்கொண்டதாகவே தரவு காட்டுகிறது. இதே பள்ளிகளின் தொடக்கக் கட்ட முடிவுகளில், பயிற்சி நடந்த இடங்களில் கருவுற்ற பெண்பிள்ளைகள் மணமானவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. நிலையான துணையோடு வாழ்பவருக்குப் பல தற்செயல் உறவுகளின் தொற்று அபாயம் குறையும், பிள்ளைப்பேறு குறையாது. மூன்றாம் பிரிவின் முடிவோடு இது பொருந்துகிறது. தவிர்ப்பு நடந்தது என்பதற்கு அதில் தடயம் இல்லை.

இதே 328 பள்ளிகளில் 71ஐத் தேர்ந்து 2004இல் டூபா தனியாக நடத்திய சோதனை இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளை. வயது முதிர்ந்த ஆணின் பரிசு வலையில் சிக்கவிருக்கும் ஒரு சிறுமியைப் பற்றிய சிறு படம் முதலில் திரையிடப்படுகிறது. பின்பு கிசுமு நகரில் எந்த வயதினரிடம், எந்தப் பாலினரிடம் எச்.ஐ.வி. தொற்று மிகுதி என்று பிள்ளைகள் ஊகிக்கிறார்கள். உண்மை எண்கள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. பதின்ம வயதுப் பையன்களிடம் தொற்று மிகக் குறைவு; இருபத்தைந்தைக் கடந்த ஆண்களிடம் பல மடங்கு. தவிர்ப்பைப் பற்றிய போதனை அந்த வேளையில் இல்லை. அடுத்த ஓராண்டில் அப்பள்ளிகளில் பெண்பிள்ளைகள் கருவுறுவது 28 விழுக்காடு குறைந்தது; குறிப்பாக, ஐந்து வயதுக்கு மேல் மூத்த ஆண்களால் கருவுறுவது பாதிக்கும் கீழே போனது. ஒத்த வயதுப் பையன்களோடு பாதுகாப்பான உறவுக்கு நகர்ந்ததாகப் பெண்பிள்ளைகளின் வாக்குமூலங்கள் காட்டின. ஆண்டுக்கணக்கில் விலகியிரு என்று சொன்ன பாடத்தால் ஆகாத ஒன்றை, யாரிடமிருந்து விலகியிரு என்று எண்களால் காட்டிய ஒரு பாடவேளை செய்திருக்கிறது. வழக்கமான வினாத்தாளில் இந்தப் பெண்பிள்ளைகளில் பலர் ‘தவிர்க்காதவர்’ பட்டியலில் விழுவார்கள். தங்கள் அபாயத்தை அறிவோடு குறைத்துக்கொண்டவர்கள் ஆய்வாளரின் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரிவார்கள். இது வெறும் அளவைக் கோளாறு என்று விட்டுவிடக்கூடியது அன்று.

எதிர்வாதங்கள் உண்டு. கருவுறுதல் பாதுகாப்பற்ற உறவின் மறைமுகக் குறியீடுதான் என்பது முதலாவது. உண்மைதான், அதனால்தான் 71 பள்ளிகளின் முடிவை மட்டும் வைத்து நான் வாதிடவில்லை, இரத்தப் பரிசோதனையுள்ள ஆய்வை முன்னே வைத்தேன். இரண்டாவது கனமானது: ஒத்த வயதுப் பையன் பாதுகாப்பானவன் என்று சொன்னால் பொய்யான நிம்மதி பிறக்காதா? அந்தப் பையனும் இருபத்தைந்தை எட்டுவான். ஒப்பீட்டு அபாயம் பற்றிய அறிவு ஒருமுறை சொல்லி முடியும் செய்தியாக இருக்க முடியாது. இதை ஏற்கிறேன். ஆனால் எல்லா ஆண்களும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்வதும் பொய்யே, அந்தப் பொய்யின் விலையை மூத்த ஆண்களிடம் அகப்பட்ட சிறுமிகள் கொடுத்தார்கள். விவரம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற மூன்றாவது வாதத்துக்கு நெடும் பதில் தேவையில்லை: அதே கென்யப் பள்ளிகளில் ஆணுறை பற்றி வகுப்பில் பட்டிமன்றம் நடத்தியபோது, ஆணுறை பற்றிய அறிவும் அதைப் பயன்படுத்தியதாகச் சொல்வதும் கூடின, பாலுறவு கொண்டதாகச் சொல்வது கூடவில்லை. அறிவு மதிப்பெண்ணும் தவிர்ப்பும் பல கணக்கெடுப்புகளில் சேர்ந்து நடக்கின்றனவே என்பார்கள். பள்ளியில் தங்கிய பெண்பிள்ளைக்கு இரண்டும் கூடவே இருக்கும். தங்க வைத்தது எது என்று கேட்காத வினாத்தாள், சீருடையின் பலனை அறிவின் கணக்கில் எழுதிவிடும்.

பின்னர் பொட்ஸ்வானாவில் இதே ஒப்பீட்டு அபாயப் பாடத்தைச் சோதித்தபோது இன்னொரு காரணி வெளிப்பட்டது. தொடக்கப் பள்ளிகளில், பிள்ளைகளைவிடச் சற்றே மூத்த இளைஞர்கள் பாடத்தை நடத்திய இடங்களில் கருவுறுதல் குறைந்தது. அரசு ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் குறையவில்லை. எண்கள் அவையே, பலகை அதுவே. வயது வந்த ஆண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஓர் ஆசிரியருக்கு அந்த வகுப்பில் எவ்வளவு இடம் இருந்தது, அவரிடம் பிள்ளைகள் எதைக் கேட்கத் துணிந்தார்கள் என்பவை வழக்கமான வினாத்தாளில் இடம்பெறாதவை. அடுத்த கணக்கெடுப்பில் தவிர்ப்புக் கேள்வியோடு துணையின் வயதும், படிப்பு நின்ற மாதமும், வயதுக்கேற்ப மாறும் அபாயத்தைப் பிள்ளையிடம் முதலில் சொன்னவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும்.