கப்பலேறிய குழந்தைகளும் கடவுச்சீட்டும்

மலாயாவிற்குத் தமிழர் வந்த வரலாற்றை எழுதுவோர் கங்காணியையும் துரையையும் பால்மரத்தையும் மறவாது எழுதுவர். தாயின் இடுப்பில் அமர்ந்தும் தந்தையின் விரலைப் பற்றியும் கப்பலேறிய குழந்தையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. பெற்றோருடன் கடற்பயணம் செல்லும் குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டுமா என்பது, இன்று விடுமுறைக் காலத்தில் கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கிலோ உல்லாசக் கப்பலேற விரும்பும் குடும்பங்கள் கேட்கும் எளிய கேள்வி. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும் என்பதே அதற்கு விடை. ஆயினும், மலாக்கா மாநிலத்து ரெம்பியா போன்ற தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி எளியதாக இருந்ததில்லை. அதன் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு நிற்கின்றது.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896 ஆம் ஆண்டு டான் சே யான் என்பார் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அலோர் காஜா வட்டாரத்திலும் காடு தோட்டமாயிற்று. ரெம்பியாவைச் சூழ்ந்த நிலங்களிலும் பால்மரம் தழைத்தது. ஆள் வேண்டியிருந்தது. 1907 இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதி, தமிழகத்திலிருந்து வருவோரின் கப்பற் செலவை ஏற்றது. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் குடும்பங்கள் சோதிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டன. அங்கே குழந்தைக்கெனத் தனித்தாள் எதுவும் இல்லை. தந்தையின் பெயருக்குக் கீழே அது ஒரு வரி. பயணிகளை எண்ணும்போது இரு குழந்தைகளை ஒரு பெரியவராகக் கணக்கிடுவது அக்காலக் கப்பற் சட்டங்களின் வழக்கமுமாகும்.

உலக நடைமுறையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. முதல் உலகப் போருக்குப்பின், 1920 இல் பாரிசு நகரில் கூடிய மாநாடு கடவுச்சீட்டிற்கு ஒரு பொது வடிவம் தந்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. அந்நாளைய கடவுச்சீட்டு, குடும்பத்தலைவனின் ஏடாகவே கருதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் அதற்குள் அடங்கினர். தந்தையோடு செல்லும்வரை பிள்ளைக்குக் குறையில்லை. தந்தை இறந்தாலோ, அவர் ஊரிலும் பிள்ளை தோட்டத்திலுமாகப் பிரிய நேர்ந்தாலோ, அந்த ஒரு வரி தனியே பயணம் செய்ய இயலாது.

எனினும், அக்காலத்தில் கடல் ஒரு சுவராக இருக்கவில்லை. ரெம்பியாப் பகுதி மக்கள் புலாவ் செபாங்கில் உள்ள தம்பின் நிலையத்தில் இரயிலேறிச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை அடைவர். 1926 இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் அவர்களை நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ சேர்க்கும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற குடும்பங்கள் மீண்டும் அவ்வாறே திரும்பின. 1938 இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்து நிறுத்தியது. போருக்குப் பின்னரோ, கேள்வி வேறு வடிவம் கொண்டது. போகும் குழந்தை திரும்ப வரலாமா என்பதே அது.

இங்கே மலாக்காவின் தனிநிலையை அறிதல் வேண்டும். மலாக்கா, நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாய் இருந்த பிரிட்டிஷ் மண். ரெம்பியாவில் பிறந்த தமிழ்க் குழந்தை பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகன். எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலானில் பிறந்த குழந்தைக்கு மண்ணால் வரும் அவ்வுரிமை இல்லை. 1948 பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம், மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்களைக் கூட்டரசுக் குடிமக்களாக ஏற்றது. ஆனால், அவ்வுரிமையை நிலைநாட்டப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாதவனுக்குப் பிறந்த மண்ணே சாட்சி சொல்ல மறுத்தது.

1953 இல் குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1959 இல் அது மேலும் இறுகியது. பிள்ளையின் வயதும், மனைவி கணவனைப் பிரிந்திருந்த காலமும் கணக்கிடப்பட்டன. தலைப்பிள்ளைப் பேற்றிற்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். தாய்வீடு தஞ்சையிலோ திருச்சியிலோ இருந்தால், அவ்வழக்கமே குழந்தையின் குடியுரிமையைச் சிக்கலாக்கியது. 1957 க்குப் பிந்திய அரசமைப்பின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தை தந்தைவழிக் குடியுரிமை பெற, குடிமகனாகிய தந்தை பொதுவாக மலாயாவில் பிறந்தவராய் இருத்தல் வேண்டும். அன்றேல், ஓராண்டிற்குள் மலாயாத் தூதரகத்தில் பிறப்பைப் பதிதல் வேண்டும். எழுதப் படிக்க அறியாத எத்தனை பெற்றோர் இதனை அறிந்திருக்க முடியும்?

உள்நாட்டில் பிறந்தோரின் நிலையும் மாறியது. விடுதலை நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை மண்ணிற் பிறந்ததே பொதுவாகப் போதுமானதாயிருந்தது. அதன்பின், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. இதனால் ஒரே லயத்து வீட்டில், தந்தை கையில் சிவப்பு அடையாள அட்டையும், மகன் கையில் நீல அட்டையும், இளையவன் கையில் எதுவுமின்மையும் காணக்கூடியதாயிற்று. 1969 இல் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். 1973 இல் 'ரஜூலா' ஓய்ந்தபின் 'சிதம்பரம்' கப்பல் 1985 வரை அவ்வழியில் ஓடியது. பெற்றோரோடு கப்பலேறிய பிள்ளைகளுட் பலருக்கு அது பிறந்த நாட்டை விட்டு நீங்கும் பயணமாகும்.

கோயிலில் தாலி கட்டிச் சட்டப்படி பதியாத திருமணங்களும் பிள்ளைகளைத் தாக்கின. 1976 ஆம் ஆண்டின் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தபின் பதிவு இன்றியமையாததாயிற்று. பதிவு இல்லையெனில், குடியுரிமைக்குத் தந்தையின் நிலை கருதப்படாது. தாயின் நிலையே கருதப்படும். தாயிடமும் பத்திரம் இல்லையெனில் குழந்தை நாடற்றதாகும் இடர் உண்டு.

ஒருவருக்கு ஒரு கடவுச்சீட்டு என்னும் இன்றைய உலக விதி, பெற்றோருக்குச் செலவாகவும் அலைச்சலாகவும் தோன்றலாம். வரலாற்றைக் கற்றவர்க்கோ, தந்தையின் ஏட்டில் ஒரு வரியாய் இருந்த குழந்தை தனக்கென ஒரு பெயரும் ஒரு நாடும் உடைய ஆளாய் உயர்ந்ததன் அடையாளமே அது. கப்பலில் ஏறுவதற்கு மட்டுமன்று, இறங்கி வீடு திரும்புவதற்கும் அதுவே திறவுகோல். பத்திரமில்லாத பிள்ளையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் துறைமுக அதிகாரி அல்லர்; முதல் வகுப்பில் பெயர் எழுதும் தமிழாசிரியரே. அவர் அன்றே பெற்றோரை அழைத்து வழிகாட்டுவாராயின், வருங்காலத்தில் ஒரு குழந்தையேனும் கரையில் நிறுத்தப்படாது காக்கப்படும்.