வெற்றிடக் கசிவு (பெட்ரோல் எஞ்சின்)

த்ராட்டில் வால்வைத் தாண்டி, கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழையும் பழுது. ஐடிலிங்கில் வண்டி குலுங்குவதற்கும் ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குவதற்கும் இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

காரணம்: ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உருவாகும்; நல்ல எஞ்சினில், கடல்மட்டத்தில், இது பொதுவாக 17–21 அங்குலப் பாதரச அளவு. வெடித்த ரப்பர் ஹோஸ், நைந்த கேஸ்கெட், பிசிவி (கிராங்க்கேஸ் காற்றோட்ட) குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகியவற்றின் வழியே புகும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளப்பதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் குறைகிறது.

கண்டறிதல்: ஸ்கேனரில் கலவையில் பெட்ரோல் குறைவதைக் காட்டும் பி0171, பி0174 குறியீடுகள் தோன்றலாம். ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கணினி பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) ஐடிலிங்கில் கூடுதலாகவும் 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்பாகவும் இருந்தால் கசிவுக்கே வாய்ப்பு அதிகம். வேகம் கூடும்போது ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தினால், கசியும் இடத்தில் அது வெளிவரும். சூடான எஞ்சின்மீது கார்ப் கிளீனர் தெளித்துச் சோதிப்பது தீ விபத்துக்கு இடமளிக்கும்.

ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எஞ்சின் மவுண்ட் பழுதுகளும் இதே குலுக்கலைத் தரலாம்.