இந்தியா கேட்

இந்தியா கேட், புதுதில்லியில் கர்த்தவ்யா பாதையின் கிழக்குக் கோடியில் நிற்கும் 42 மீட்டர் உயர நினைவு வளைவு. கட்டப்பட்டபோது இதற்கு வைத்த பெயர் அகில இந்தியப் போர் நினைவகம். முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கானியப் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மடிந்த சுமார் 70,000 வீரர்களின் நினைவாகப் பேரரசு இதை எழுப்பியது. சுதந்திர இந்தியா வளைவில் கை வைக்கவில்லை. அடியிலும் சுற்றிலும் வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை அகற்றித் தனதாக்கிக்கொண்டது.

1921 பிப்ரவரி 10 அன்று கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸே இதற்கும் கட்டடக் கலைஞர். 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். பல மதத்தவர் சேர்ந்து போரிட்ட படை என்பதால் எந்த மதச் சின்னமும் இதில் இடம்பெறவில்லை. இரு முகப்புகளின் உச்சியிலும் ‘இந்தியா’ என்ற சொல்லும் அதன் இருபுறமும் ரோமன் எண்களில் 1914, 1919 ஆகிய ஆண்டுகளும் உள்ளன. மேலே அகன்ற கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு உண்டு. நினைவு நாள்களில் எண்ணெய் ஊற்றி எரிப்பதற்காக வைத்தது, எரிந்தது அபூர்வம்.

சுவர்களில் 13,300-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்சிலும் மெசபடோமியாவிலும் இறந்தவர்களின் பெயர்களே இவை என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வெளிநாட்டுப் போர்க்களங்களில் மாண்டவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பிரான்சின் நவ் சப்பெல், ஈராக்கின் பாஸ்ரா போன்ற இடங்களின் நினைவகங்களில் இருக்கின்றன. தில்லியில் உள்ளவை முக்கியமாக வடமேற்கு எல்லையிலும் ஆப்கானியப் போரிலும் இறந்தவர்களுடையவை. பிரிவினைக்கு முந்தைய படை என்பதால், இன்றைய பாகிஸ்தான் மண்ணில் பிறந்தவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு நாட்டின் தேசியச் சின்னத்தில் இது சற்று விசித்திரமான நிலைதான்.

வளைவுக்குக் கிழக்கே கல் மண்டபம் ஒன்று எழுந்தது. 1936-இல் அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் இருபது ஆண்டுகள் மன்னர் அங்கேயே நின்றார். 1968-இல் சிலையை வடதில்லியின் முடிசூட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1911 தர்பார் நடந்த இடம் அது. காலியான மண்டபத்தில் காந்தி சிலை வைக்கலாம் என்ற யோசனை பலமுறை எழுந்தும் கைகூடவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அது வெறுமையாகவே கிடந்தது. 2022 செப்டம்பரில் அருண் யோகிராஜ் கருங்கல்லில் செதுக்கிய 28 அடி உயர நேதாஜி சிலை அங்கே வந்தது.

1971 போர் முடிந்த கையோடு வளைவின் அடியில் அமர் ஜவான் ஜோதி அமைக்கப்பட்டது. கறுப்புப் பளிங்குப் பீடம், தலைகீழாக நட்ட துப்பாக்கி, அதன்மேல் தலைக்கவசம், பீடத்தைச் சுற்றி நான்கு சுடர்க் கலசங்கள். 2022 வரை அவற்றில் ஒன்று ஆண்டு முழுவதும் எரிந்தது. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் நான்கும் எரிந்தன. 2006 வரை எரிவாயு சிலிண்டரை மாற்றி மாற்றித்தான் சுடரைக் காத்தார்கள். பிறகு குழாய் வழி எரிவாயு வந்தது. 1972 ஜனவரி 26 அன்று பிரதமர் இந்திரா காந்தி இங்கு அஞ்சலி செலுத்தினார். அதன்பின் ஆண்டுதோறும் குடியரசு நாள் அணிவகுப்புக்கு முன் பிரதமர் மலர்வளையம் வைப்பது மரபானது. மக்கள் மனத்தில் இந்தியா கேட்டை இந்திய ராணுவத்தோடு பிணைத்தது லட்யன்ஸின் கல் அல்ல, இந்தச் சிறு சுடர்தான்.

2019 பிப்ரவரி 25 அன்று அருகிலேயே தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் சக்கரவியூகத்தை ஒட்டி வடிவமைத்த இதில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. 2020 முதல் பிரதமரின் குடியரசு நாள் அஞ்சலி அங்கே மாறியது. 2022 ஜனவரி 21 அன்று அமர் ஜவான் ஜோதியும் அங்குள்ள சுடரோடு சேர்க்கப்பட்டது. பேரரசுக்காக மடிந்தோரின் பெயர்களுக்கு நடுவே சுதந்திர இந்தியாவின் சுடர் எதற்கு என்று ஒரு தரப்பு இதை வரவேற்றது. ஐம்பது ஆண்டு எரிந்ததை அணைப்பதா என்று மறுதரப்பு வருந்தியது. முன்னாள் ராணுவ அதிகாரிகளிடையேயும் இரு கருத்துகளும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் துப்பாக்கியும் தலைக்கவசமும்கூட புதிய நினைவகத்துக்கு இடம்பெயர்ந்தன.